பூனையிடம் கற்ற முராகபா

அரபிக் கல்லூரிகளின் மேல் வகுப்புகளில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' வாசிக்கப்படும்போது, மாணவர்களைப் புன்னகைக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. நாற்பது பாகங்கள் கொண்ட அப்பெருநூலில் முப்பத்தெட்டாவது பாகம், முராகபாவையும் முஹாஸபாவையும், அதாவது இறைக் கண்காணிப்பை உணர்ந்திருத்தலையும் தன்னைத் தானே கணக்குக் கேட்டலையும் பற்றியது. அங்கே ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. பக்தாதின் இறைநேசர் அபுல் ஹுஸைன் நூரி (ரஹ்) அவர்கள் தனிமையில் அமர்ந்திருந்தபோது அபூபக்ர் ஷிப்லி (ரஹ்) அவர்கள் உள்ளே நுழைகிறார்கள். நூரி அவர்களின் உடலில் எந்த அசைவும் இல்லை. உள்ளம் முழுவதும் ஒரே முனையில் குவிந்திருக்கிறது. இந்த அசைவின்மையையும் முராகபாவையும் எங்கிருந்து பெற்றீர்கள் என்று ஷிப்லி வியந்து கேட்கிறார்கள். ஒரு பெரிய ஷைகின் பெயரையோ ஒரு நூலின் பெயரையோ எதிர்பார்த்திருக்கலாம். நூரி சொன்ன விடை வேறு. தம் வீட்டில் ஒரு பூனை இருந்ததாகவும், இரையை நாடும்போது அது வளையின் வாயிலில் ஒரு முடிகூட அசையாமல் காத்திருக்கும் என்றும், அதனிடமிருந்துதான் தாம் கற்றதாகவும் கூறினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தை நான் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், பூனை காத்திருப்பது எலியைக் கொல்வதற்காக. கொல்வதற்கான காத்திருப்பை இபாதத்துக்கு எப்படி உவமையாகச் சொல்லலாம்?" என்று கேட்டார். பலாகத் பாடத்தில் நாம் படிப்பதைக் கொண்டு விடை சொன்னேன். ஒருவரைச் சிங்கம் என்றால் வீரம் மட்டுமே கருதப்படும். சிங்கத்தின் வாய் நாற்றம் கருதப்படாது. உவமிக்கப்படுவதற்கும் உவமைக்கும் இடையே பொதுத்தன்மை எதுவோ அதை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். மாணவர் அமர்ந்துவிட்டார். இலக்கண அளவில் அந்த விடை சரியானதுதான். ஆனால் கேள்வி அதோடு தீரவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்விக்கு நான் செலுத்த வேண்டிய மீதிக் கடனே இக்கட்டுரை.

இருவரும் அவர்கள் காலமும்

நூரி (ஹி. 295 / கி.பி. 907இல் மறைந்தவர்) பக்தாதில் வாழ்ந்தவர், குராஸான் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தினர். ஸய்யிதுத் தாயிஃபா எனப்படும் ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் தோழர். ஷிப்லி (ஹி. 334 / கி.பி. 946) அரசுப் பணியைத் துறந்து ஆன்மிகப் பாதைக்கு வந்தவர். அப்பாஸிய ஆட்சியின் அந்தப் பக்தாதில் செல்வமும் கல்வியும் வாதப் பிரதிவாதமும் நிறைந்திருந்தன. அந்த இரைச்சலின் நடுவே அமர்ந்திருந்த ஒருவரின் அசைவின்மைதான் ஷிப்லியை நிறுத்தியது.

முராகபா என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ர-க-ப என்ற வேரிலிருந்து பிறந்தது அது. கவனித்திருத்தல், எதிர்பார்த்திருத்தல், காவல் காத்தல் ஆகியவை அவ்வேரின் பொருள்கள். கழுத்துக்கு 'ரகபா' என்று பெயர் வந்ததும் இவ்வேரிலிருந்தே. அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று 'அர்ரகீப்'. ஸூரத்துன் நிஸாவின் முதல் வசனம் அவன் நம்மைக் கண்காணிப்பவனாக இருக்கிறான் என்று அறிவித்தே நிறைவடைகிறது. முராகபா 'முஃபாஅலா' என்னும் வாய்பாட்டில் அமைந்த சொல். அந்த வாய்பாடு பெரும்பாலும் இரு தரப்பினரின் செயலைக் குறிக்கும். அவன் பார்க்கிறான், அவன் பார்ப்பதை அடியான் உள்ளத்தால் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜிப்ரீல் (அலை) அவர்கள் 'இஹ்ஸான்' பற்றிக் கேட்டபோது, அல்லாஹ்வைக் காண்பது போல வணங்க வேண்டும், நாம் அவனைக் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியது இதைத்தான்.

முராகபாவில் இரண்டு படித்தரங்களை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காட்டுகிறார்கள். ஒன்று முகர்ரபீன்களுக்குரியது: இறை மாட்சிமையில் உள்ளம் மூழ்கிவிடுவதால் உறுப்புகள் தாமாகவே அடங்கிவிடும். மற்றொன்று வலப்பக்கத்தாருக்குரியது: அவன் பார்க்கிறான் என்ற நாணம் உள்ளத்தில் இருக்கும், ஆனால் அலுவல்களைக் கவனிக்கவும் அதில் இடம் இருக்கும். பூனையின் நிகழ்ச்சி முதற்படித்தரத்துக்கு எடுத்துக்காட்டாக வருகிறது. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவதன் வாசலில்கூட நிற்பதில்லை. ஆயினும் வாசலை அறிந்திருப்பது நல்லது.

வீட்டைச் சுற்றி வரும் உயிர்

இஸ்லாமியக் குடும்பங்களில் பூனைக்கு இடம் எப்படி வந்தது என்பதற்கு ஃபிக்ஹ் நூல்களில் ஒரு நபிமொழி ஆதாரமாகக் காட்டப்படுகிறது. நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு உளூச் செய்ய மருமகள் கப்ஷா அவர்கள் தண்ணீர் எடுத்துவைத்தார்கள். ஒரு பூனை வந்தது. அபூகதாதா பாத்திரத்தைச் சாய்த்துப் பிடிக்க, அது குடித்துச் சென்றது. கப்ஷா வியப்புடன் பார்ப்பதைக் கண்ட அவர்கள், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துரைத்தார்கள். முவத்தாவிலும் சுனன் நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் பூனை வாய் வைத்த நீர் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில் அது தூய்மையானதே என்றாலும், வேறு நீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது மக்ரூஹ் தன்ஸீஹ். இரு மத்ஹபினரும் வாழும் நம் தமிழகத்தில் இரு விடைகளையும் கேட்கலாம்.

நபிமொழியில் வந்துள்ள 'தவ்வாஃபீன்' என்ற சொல் கவனிக்கத்தக்கது. ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனத்தில், வீட்டில் பணிபுரிவோரும் சிறுவரும் அனுமதி கேட்க வேண்டிய நேரங்களைச் சொல்லும் இடத்தில் இதே சொல் வருகிறது. வீட்டு மனிதர்களுக்கு உரிய சொல் பூனைக்கும் வழங்கப்பட்டிருக்கிறது. ஓயாது சுற்றி வருவது என்பதே அதற்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய தன்மை. அதே உயிர்தான் வளை வாயிலில் அசையாது அமர்ந்து நூரிக்கு ஆசிரியராகிறது. இறையில்லத்தைச் சுற்றி வருவோரையும் அங்கே தங்கியிருப்போரையும் ஸூரத்துல் பகராவின் 125ஆம் வசனம் சேர்த்தே குறிப்பிடுகிறது. சுற்றுதலும் தங்குதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றின் நேரம் வரும்போது மற்றது முழுமையாக விலகி நிற்க வேண்டும், அவ்வளவே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பூனையைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்திகள் யாவும் ஆதாரமானவை அல்ல. பூனையை நேசிப்பது ஈமானில் ஒரு பகுதி என்று ஹதீஸாகச் சொல்லப்படும் வாசகம் இட்டுக்கட்டப்பட்டது. முல்லா அலீ காரீ (ரஹ்) அவர்கள் இதைப் பற்றித் தனிச் சிற்றேடே எழுதியுள்ளார்கள். நபி (ஸல்) அவர்களிடம் 'முஇஸ்ஸா' என்றொரு பூனை இருந்ததாகவும், அது உறங்கியதால் அங்கியின் கையை வெட்டிவிட்டு எழுந்ததாகவும் கூறப்படுவதற்கு ஹதீஸ் தொகுப்புகளில் ஆதாரம் இல்லை. அதையொத்த நிகழ்ச்சி ஸய்யித் அஹ்மத் கபீர் ரிஃபாஈ (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அன்பு மிகுந்த கதையாயினும் நபி (ஸல்) அவர்களின் பெயரால் சொல்வதற்கு அன்பு மட்டும் போதாது. பூனைக்குரிய கண்ணியத்துக்கு உறுதியான செய்திகளே போதும். பல்லாயிரம் ஹதீஸ்களை நமக்குத் தந்த நபித்தோழரை இந்தச் சமுதாயம் 'அபூஹுரைரா', பூனைக்குட்டியின் தந்தை, என்ற பெயரால்தானே நினைவு கூர்கிறது!

அந்த அசைவின்மையில் இருப்பவை

வேட்டைக்கு அமர்ந்த பூனையை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். அது வெறுமையாக இல்லை. பூனையின் புறச்செவி ஒவ்வொன்றையும் இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் இயக்குகின்றன. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியைத்தான் கேட்கும். பூனையோ 60,000க்கும் மேற்பட்டதைக் கேட்கிறது. எலிகள் தமக்குள் எழுப்பும், நமக்குக் கேட்காத கீச்சொலி அதன் செவிக்கு எட்டுகிறது. உடல் அசைந்தால் அந்த மெல்லொலி தவறிவிடும். ஆகவே உடலை அடக்குகிறது. அடக்கம் அதன் நோக்கமன்று, கேட்பதற்கான நிபந்தனை.

இந்த நுட்பம் முக்கியமானது. மன அழுத்தத்துக்கு மருந்தாக இன்று பல இடங்களில் தியானம் கற்பிக்கப்படுகிறது. மனத்தைக் காலியாக்குங்கள், எண்ணமற்று இருங்கள் என்கிறார்கள். அதனால் உடல் இளைப்பாறலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முராகபா காலியான மனமன்று. ஒன்றைத் தவிர மற்றவை வெளியேறிய மனம். பூனை உறங்குவதையும் நாம் பார்க்கிறோம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம்வரை அது உறங்கிக் கழிக்கிறது. அந்த உறக்கத்தை நூரி எடுத்துக்காட்டவில்லை. விழிப்பின் உச்சத்தில் உள்ள அசைவின்மையையே எடுத்துக்காட்டினார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. பூனையின் பல வேட்டைகள் தவறிப் போகின்றன. எலி தப்பிவிட்டால் அது சற்று விலகிப் போய்த் தன் உடலை நக்கித் தூய்மை செய்கிறது. பிறகு மீண்டும் அதே வளை வாயிலுக்கு வந்து அமர்கிறது. தொழுகையில் மனம் சிதறிப்போனால் நாம் என்ன செய்கிறோம்? 'நமக்கெல்லாம் இது வராது' என்று முடிவுகட்டி அந்தச் சிதறலிலேயே மீதி ரக்அத்துகளையும் கழித்துவிடுகிறோம். திரும்பி வந்து அமர்வதுதான் பயிற்சி.

திருட்டுப் பூனையும் திருடும் தொழுகையாளியும்

எங்கள் கல்லூரிச் சமையற்கூடத்தை ஒட்டி அரிசி மூட்டைகள் அடுக்கும் அறை உண்டு. ஒரு நாள் அஸ்ருக்கு முந்திய சுன்னத் நான்கு ரக்அத்தை அதன் எதிரே உள்ள தாழ்வாரத்தில் தொழுதேன். திருத்த வேண்டிய தேர்வுத் தாள்கள் மேசையில் கிடந்தன. தக்பீர் கட்டும்போது சுவர் மூலையில் இருந்த எலி வளை முன் கல்லூரிப் பூனை அமர்ந்திருந்ததைப் பார்த்தேன். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோதும் அது அங்கேயே, அதே நிலையில் இருந்தது. நான் எந்த ஸூராவை ஓதினேன் என்பது எனக்கு நினைவில்லை. இரண்டாம் ரக்அத்தில் ஸுஜூது செய்தபோது ஒரு மாணவரின் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது மட்டும் நினைவில் இருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தொழுகையின் பாடத்தை நடத்திவரும் நான், ஓர் எலிக்காக அது செலுத்திய கவனத்தைக்கூட என் இரட்சகனுக்குச் செலுத்தவில்லை.

பாலைக் குடித்துவிடுவதால் நாம் 'திருட்டுப் பூனை' என்று ஏசுகிறோம். நபி (ஸல்) அவர்களோ, திருடர்களில் மிக மோசமானவன் தன் தொழுகையிலிருந்தே திருடுபவன் என்றார்கள். எப்படித் திருடுவான் என்று தோழர்கள் கேட்க, ருகூவையும் ஸுஜூதையும் நிறைவாகச் செய்யாதவனே அவன் என்றார்கள். இதை அறிவிப்பவர் யார் தெரியுமா? பூனைக்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்த அதே அபூகதாதா (ரலி) அவர்கள்தாம்.

அவசரமாகத் தொழுத ஒருவரை, நீர் தொழவில்லை, திரும்பிப் போய்த் தொழும் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பியனுப்பிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதிலிருந்தே 'துமஃனீனா' என்னும் சட்டம் பிறக்கிறது. ருகூவிலும் இஃதிதாலிலும் ஸுஜூதிலும் நடு இருப்பிலும் உறுப்புகள் தம் இடத்தில் வந்து அடங்க வேண்டும். ஒரு தஸ்பீஹ் சொல்லும் நேரமே அதன் குறைந்த அளவு. ஷாஃபிஈ மத்ஹபில் இது தொழுகையின் கடமையாகக் கொள்ளப்படுகிறது. ஹனஃபி மத்ஹபில் வாஜிப். ஆன்மிகத்தின் உயர்படிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, சட்டத்தின் முதற்படியிலேயே அசைவின்மை நம்மிடம் கேட்கப்பட்டிருக்கிறது.

வெளித்தோற்றம் போதாது

தொழுகையில் சேவல் கொத்துவது போல் விரைவதையும், நாய் அமர்வது போல் அமர்வதையும், நரி திரும்பிப் பார்ப்பது போல் பார்ப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். விலங்குகளின் உருவத் தோற்றத்தைத் தொழுகையில் பின்பற்றுவது விலக்கப்பட்டது. நூரி பின்பற்றியது பூனை அமரும் முறையை அன்று, அதன் ஒருமுகத்தை.

தோற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் பூனையே சான்று. இப்னுல் முகஃப்பஃ மொழிபெயர்த்த 'கலீலா வ திம்னா'வில் ஆந்தைகளும் காகங்களும் பற்றிய பாகத்தில் ஒரு நோன்பாளிப் பூனை வருகிறது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று பெயரெடுத்த அதனிடம் ஒரு முயலும் ஒரு பறவையும் வழக்குத் தீர்க்க வருகின்றன. வயதாகிவிட்டது, காது கேட்கவில்லை, அருகில் வாருங்கள் என்கிறது பூனை. நல்லுபதேசமும் செய்கிறது. நம்பி நெருங்கிய இரண்டையும் பாய்ந்து பிடித்துக் கொன்றுவிடுகிறது. இதே கருத்தை மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி பாறையில் செதுக்கியிருக்கிறான்: கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி எலிகள். 'ருத்திராட்சப் பூனை' என்ற வழக்கும் தமிழில் உண்டு. ரியா எனும் முகத்துதியை அடையாளம் காண்பதில் எந்த மொழியும் பின்தங்கியதில்லை.

மாணவருக்குச் சொல்ல வேண்டிய மீதி

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். பூனையின் காத்திருப்பு பாய்ச்சலில் முடிகிறது. முராகபா எதில் முடிய வேண்டும்? இதற்கு விடை அந்த இரு பெரியார்களின் வாழ்விலேயே இருக்கிறது.

குலாம் கலீல் என்பவரின் குற்றச்சாட்டால் பக்தாதின் ஸூஃபிகள் சிலர் மரண தண்டனைக்கு நிறுத்தப்பட்டனர். வாள் உயர்ந்தபோது நூரி தாமே முன்னே வந்து நின்றார்கள். ஏன் முந்துகிறீர் என்று கேட்கப்பட்டபோது, தம் தோழர்களுக்கு இன்னும் சில நொடிகள் வாழ்வு கிடைக்கட்டும் என்பதற்காக என்றார்கள். அந்தச் சொல்லே தண்டனையை நிறுத்திவைத்தது. வழக்கு காழியிடம் சென்று அவர்கள் விடுதலையாயினர். இமாம் குஷைரி (ரஹ்) முதலானோர் இதைப் பதிவு செய்துள்ளனர். பூனையிடம் காத்திருக்கக் கற்றவர் பாய்ந்ததும் உண்மைதான். ஆனால் பிறர் உயிரைப் பறிக்கவல்ல, தம் உயிரைக் கொடுக்கப் பாய்ந்தார்.

ஷிப்லியைப் பற்றி இப்னு அஸாகிரை மேற்கோள் காட்டி தமீரி (ரஹ்) தமது 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் ஒரு செய்தி தருகிறார்கள். ஷிப்லியின் மறைவுக்குப் பின் தோழர் ஒருவர் அவர்களைக் கனவில் கண்டார். எதனால் மன்னிக்கப்பட்டேன் தெரியுமா என்று இறைவன் தம்மிடம் கேட்டதாகவும், தாம் வணக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவை எதனாலும் அல்ல என்று மறுக்கப்பட்டதாகவும் ஷிப்லி கூறினார்கள். பக்தாதின் தெருவில் குளிரால் நடுங்கிச் சுவரோரம் ஒதுங்கிய ஒரு பூனைக்குட்டியை எடுத்துத் தம் அங்கிக்குள் வைத்துக்கொண்ட இரக்கமே மன்னிப்புக்குக் காரணமானது என்றார்கள். கனவு மார்க்கச் சட்டத்துக்கு ஆதாரமாகாது. ஆனால் இதன் கருத்துக்கு உறுதியான ஹதீஸ் துணை நிற்கிறது. பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் தராமல், பூமியின் சிற்றுயிர்களைத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் சென்றதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

பூனையிடம் எப்படிக் கற்றீர் என்று ஒருவரிடம் கேட்டவரே, பூனைக்கு என்ன செய்தாய் என்ற கேள்வியில் தேறினார். முராகபா உண்மையானதா என்பதற்கு இதுவே உரைகல். தஸ்பீஹுடன் அமர்ந்திருப்பவரின் கை, வாசலில் கத்தும் உயிரின்மேல் கல்லெறிய நீளுமானால், அவர் கலீலா வ திம்னாவின் பூனையைத்தான் கற்றிருக்கிறார். நூரியின் பூனையை அன்று.

அந்த மாணவர் இப்போது ஒரு மஹல்லாவில் இமாமாக இருக்கிறார். அண்மையில் சந்தித்தபோது இந்த விடையைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ஹஜ்ரத், ருகூவில் ஒரு தஸ்பீஹ் அளவு நிற்பதிலிருந்தே தொடங்கலாம்" என்றார். நான் இத்தனை பக்கங்களில் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அன்று அஸ்ரை அவர் பின்னால் நின்று தொழுதேன். ருகூவில் நிதானமாக நின்றார், நானும் நின்றேன்.